கரித்துண்டும் கோழிக்குஞ்சும்

ஒரு செய்தியை நம்புவதற்கு மனிதனுக்கு என்ன வேண்டும்? சான்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால், நாம் நாள்தோறும் நம்பிக் கொண்டிருக்கும் விஷயங்களில் எத்தனைக்குச் சான்று கேட்டோம், எத்தனையைக் கேட்காமலே வாங்கி உள்ளே வைத்துக் கொண்டோம் என்று ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் மனத்துக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு மத்திகிரியைப் போல வாய்ப்பான ஊர் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது மத்திகிரி. வெயில் அதிகம் தெரியாத ஊர். கன்னட நாட்டின் எல்லை தூரமில்லை. தேநீர்க் கடையில் ஒரு பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். நாலாமவர் தொழிற்சாலை வேலைக்காக வடக்கேயிருந்து வந்தவராகவும் இருக்கலாம். 1824இல், குதிரைப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக வெள்ளைக்காரர்கள் இங்கே ஒரு பெரிய பண்ணையை ஏற்படுத்தினார்கள். ஆயிரத்தறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் அந்தப் பண்ணைதான் பின்னால் கால்நடைப் பண்ணையாயிற்று. படைகள் போயின, பட்டாளத்துக் குதிரைகளும் போயின. மாடுகளும் புல்வெளியும் இருக்கின்றன. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. கோழி வளர்ப்பை ஒரு பட்டப் படிப்பாகவே அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். கோழிக்குப் பட்டப் படிப்பா என்று சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் சொல்ல வந்தது இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றி. ஒன்று இரும்பைப் பற்றியது, மற்றொன்று கோழியைப் பற்றியது.

முதலில் இரும்பு. கிருஷ்ணகிரியைத் தாண்டிப் பர்கூர்ப் பக்கம் தொகரப்பள்ளிக்கு அருகில் மயிலாடும்பாறை என்று ஓர் இடம். பாறை ஓவியங்களும் பழங்கால ஈமச் சின்னங்களும் நிறைந்த குன்றுப் பகுதி. பேராசிரியர் கா. ராஜன் 2003இல் அங்கே அகழ்ந்து பார்த்தார். பிறகு 2021இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தது. அங்கே மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டுகளை அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். விடையாக வந்த எண்களில் ஒன்று கி.மு. 1615, மற்றொன்று கி.மு. 2172. அதாவது, நாலாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே இந்த மண்ணில் இரும்பு புழங்கியது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்.

எங்கள் மாவட்டத்துக்கு அது ஒரு திருநாள். எனக்கும் மகிழ்ச்சிதான், அதை மறைப்பானேன்? லாரிகளும் இயந்திரங்களும் செய்கிற ஊர்க்காரர்களுக்கு, 'உங்கள் பாட்டன்மாரும் இரும்பு வேலைக்காரர்கள்தாம்' என்று யாரோ காதில் சொன்னதைப் போல் இருந்தது. அன்று மாலை பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கரித்துண்டைப் பார்த்தவர் எங்களில் எவரும் இல்லை. ஆய்வுக்கூடம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் எவருக்கும் தெரியாது. இருந்தாலும் நம்பினோம்; சந்தோஷமாக நம்பினோம்.

இப்போது கோழி.

அதே பெஞ்சில், அதே மனிதர்களிடம், பிராய்லர் கோழியைப் பற்றிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். "ஊசி போட்ட கோழி சார் அது!" என்று உடனே ஒரு குரல் வரும். நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோ வளர வேண்டுமானால் ஹார்மோன் ஊசி போடாமல் முடியுமா என்பார்கள். பெண் குழந்தைகள் சீக்கிரம் பெரிய மனுஷியாவதற்கும் அதுதான் காரணம் என்று, குரலைத் தாழ்த்திக் கொண்டு, ஒரு தகப்பனார் சொல்வார்.

எனக்கு நெடுநாள் பழக்கமான நண்பர் ஒருவர் உண்டு. தொழிற்சாலையில் முப்பது ஆண்டு இயந்திரத்தோடு நின்று ஓய்வு பெற்றவர். நூலிழை அளவு தப்பினாலும் அந்தப் பாகத்தைத் தூக்கி எறிந்துவிடுகிற கண். அவரிடம் ஒரு நாள் சொன்னேன்:

"ஹார்மோன் கொடுப்பதில்லை என்று கோழியைப் படித்தவர்கள் எல்லோருமே சொல்கிறார்களே. கல்லூரி பக்கத்திலேதானே இருக்கிறது? போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வரலாமே!"

"அவங்க அப்படித்தான் சார் சொல்வாங்க" என்றார் நண்பர்.

"அப்படியானால் கரித்துண்டைப் பற்றிச் சொன்னவர்கள்?"

"அது வேற, இது வேற சார். அதுல யாருக்கு என்ன லாபம்?"

நான் அன்று பதில் சொல்லவில்லை. நண்பரின் கேள்வியில் அறிவு இருந்தது. லாபம் பெறுகிறவன் சொல்லும் வார்த்தையை இரண்டு தடவை நிறுத்துப் பார்ப்பது குற்றமல்ல; உலகம் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். ஆனால் லாபம் என்பது ரூபாயில் மட்டுந்தான் வருமா? நாலாயிரம் வருஷத்துப் பெருமை கையில் வந்து விழுந்ததே, அது லாபமில்லையா? அந்த லாபத்தைப் பெற்றவர்கள் வேறு யாருமல்ல, நாம்தான். அப்படியானால், சொன்னவருடைய லாபத்தைச் சந்தேகித்த நாம், கேட்டவருடைய லாபத்தை ஏன் சந்தேகிக்கவில்லை?

என் விசாரம் இதுதான். நமக்குப் பெருமை தரும் செய்தி வாசலுக்கு வந்தால், 'வாங்க, வாங்க' என்று பாய் விரித்து உட்கார வைக்கிறோம். நம்முடைய பயத்தைப் பொய்யாக்கும் செய்தி வந்தால், வாசலிலேயே நிறுத்தி ஊரென்ன, பேரென்ன, யார் அனுப்பினார்கள் என்று விசாரிக்கிறோம். இரண்டுமே பல்கலைக்கழகப் படிப்பாளிகளின் வேலை. இரண்டிலும் உழைப்பு உண்டு, தப்பு நேரவும் இடம் உண்டு. வித்தியாசம் செய்திகளில் இல்லை, நம்முடைய வாசலில்தான் இருக்கிறது.

பயத்தைக் கேலி செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது என்று கவலைப்படாத தாய் தகப்பன் எதற்கு? மேலும், படித்தவர்கள் பேச்சை மாற்றிக் கொண்டதே இல்லையா என்று கேட்டால், மாற்றிக் கொண்டிருக்கிறார்கள். கோழியை விட்டு முட்டைக்கே வருவோம். 1968இல் அமெரிக்க இதயநோய்ச் சங்கம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. முட்டையிலுள்ள கொழுப்பு இரத்தக் குழாயை அடைத்துவிடும் என்று அஞ்சினார்கள். அதைக் கேட்டு உலகம் முழுவதும் எத்தனையோ பேர் மஞ்சள் கருவை ஒதுக்கி வைத்துவிட்டு, வெள்ளையை மட்டும் மென்றார்கள். 2015ஆம் ஆண்டின் அமெரிக்க உணவுக் குறிப்புகளில், நாளைக்கு முந்நூறு மில்லிகிராம் கொலஸ்டிராலுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பையே எடுத்துவிட்டார்கள். உண்ணும் கொலஸ்டிரால் அப்படியே இரத்தத்தில் போய்ச் சேருவதில்லை, உடம்பு தானே அதைச் செய்து தானே அளந்து கொள்கிறது என்பது நாளாக ஆகத் தெளிவாயிற்று. நாற்பத்தேழு ஆண்டுகள்! ஒருவன் வாலிபத்தில் விட்ட மஞ்சள் கருவை முதுமையில் திரும்பப் பெற்றான். "இதுக்குத்தான் சார் இவங்க பேச்சைக் கேட்கறதில்லை" என்று நண்பர் சொன்னால் எப்படிக் கோபித்துக் கொள்வது?

ஆனால் அந்த வரம்பை எடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்த எவரும் எடுக்கவில்லை. அதே கூட்டத்தார்தான், தங்கள் கணக்கைத் தாங்களே திரும்பப் போட்டு, போதிய சான்று இல்லையென்று அடித்தார்கள். தேநீர்க் கடைப் பேச்சில் இந்த ஒரு பழக்கம் கிடையாது. ஊசி போட்ட கோழி என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறவர், 'போன வருஷம் சொன்னதைத் திரும்பப் பார்த்தேன், கொஞ்சம் மாற்றிக் கொள்கிறேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, நம்முடைய பெருமைக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாமா? கரித்துண்டு உண்மையில் என்ன சொல்கிறது?

உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக் கொள்கிறது. அந்தக் கார்பனில், தானாகவே சிதைந்து போகும் ஒரு வகை மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. மரம் செத்ததும் வரவு நின்று போகிறது. செலவு மட்டும் நடக்கிறது. 5730 ஆண்டில் அந்த வகை சரிபாதியாகக் குறைகிறது. மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் மரம் எப்போது செத்தது என்று சொல்லிவிடலாம். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் லிப்பி 1940களின் கடைசியில் கண்ட வழி இது. 1960இல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இப்போதெல்லாம் அணுக்களையே எண்ணுகிற கருவி வந்துவிட்டதால் அரிசிமணி அளவு கரி போதும்.

ஆக, அந்த எண் இரும்பின் வயது அல்ல, கரியின் வயது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கட்டையில் கடைசியாகக் கார்பன் சேர்ந்த நாளின் வயது. முந்நூறு வருஷத்து மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை ஒருவன் எரித்திருந்தால், கரி தன் வயதை முந்நூறு வருஷம் கூட்டித்தான் சொல்லும். இரும்பும் கரியும் ஒரே மண்ணடுக்கில், கலையாத அடுக்கில், சேர்ந்து கிடந்தன என்பதுதான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சைப் போடுகிறவர் ஆய்வுக்கூடத்தில் இல்லை. வெயிலில் குழிக்குள் குந்தி, கொத்துக்கரண்டியால் மண்ணைச் சுரண்டிக் கொண்டிருக்கும் தொல்லியலாளர். அவர் கண்ணும் கையும் எவ்வளவு நேர்மையோ அவ்வளவுதான் அந்த எண்ணின் பலம். நம்மவர் அதை அறிவார்கள். அதனால்தான் ஓரிடத்தோடு நிற்காமல் வேறு இடங்களிலும் தோண்டினார்கள், மாதிரிகளை ஒரே கூடத்துக்கு அனுப்பாமல் பிரித்து அனுப்பினார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்தவற்றை அமெரிக்காவுக்கு மட்டுமின்றி லக்னோவுக்கும் ஆமதாபாத்துக்கும் அனுப்பிப் பார்த்து, கி.மு. 3345 வரை போகும் எண்களை 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். அந்த அறிக்கைக்கு 'இரும்பின் தொன்மை' என்று பெயர்.

உலகத்திலேயே பழைய இரும்பு நம்முடையது என்று அன்று தெருவெல்லாம் பேச்சு. வெளியிலிருந்த அறிஞர்கள் சிலர், 'எண்கள் வியப்பாக இருக்கின்றன. இன்னும் பல இடங்களிலிருந்து இப்படி வரட்டும், பார்ப்போம்' என்று நிதானமாகச் சொன்னார்கள். எனக்கு அதில் மரியாதைதான் தெரிந்தது. பெரிய விஷயத்தைத்தானே இவ்வளவு கவனமாக நிறுத்துப் பார்ப்பார்கள்? ஆனால் அப்படிச் சொன்னவர்களுக்கு எங்கள் பெஞ்சில் கிடைத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. அதே சமயம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தேநீர் குடிக்கும் கன்னட நண்பர் ஒருவர், அறிக்கையின் ஒரு பக்கத்தையும் பாராமலே, எல்லாம் அரசியல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒருவர் பாராமல் நம்புகிறார், மற்றவர் பாராமல் மறுக்கிறார். இருவரும் ஒரே பாத்திரத்துத் தேநீரைத்தான் குடிக்கிறார்கள்.

அவருடைய நாட்டிலேயே ஹல்லூர் என்று ஓர் இடம் இருக்கிறது. 1960களில் அங்கே அகழ்ந்து, இரும்பின் காலத்தைக் கி.மு. ஆயிரத்தை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தபோது, அன்றைக்கு அதுவே பெரிய வியப்பு. தென்னாட்டு இரும்பு அவ்வளவு பழையதா என்று புருவத்தை உயர்த்தினார்கள். இன்று அந்த எண் சின்ன எண்ணாகிவிட்டது. ஹல்லூரில் இரும்பை உருக்கியவனுக்குத் தான் கன்னடனா தமிழனா என்று தெரியாது, மயிலாடும்பாறைக்காரனுக்கும் தெரியாது. நடுவிலே சுங்கச்சாவடி போட்டவர்கள் நாம்.

பெருமையினால் கேள்வி கேட்காமல் விட்டதில் பெரிய நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். கொஞ்சம் மிகைப்படப் பேசுவோம், அவ்வளவுதானே? இருக்கலாம். ஆனால் பயத்தினால் தப்பான கேள்வியைப் பிடித்துக் கொண்டு நிற்பதில் நஷ்டம் உண்டு, அது கண்கூடு.

வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் பருப்பைப் போல வயிற்றில் செரித்துப் போகும். ஊசியாகப் போடுவதென்றால் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்து, ஒரு தடவையல்ல, திரும்பத் திரும்பப் போட வேண்டும். குஞ்சின் விலையைவிட ஊசியின் கூலி ஏறிவிடும். பண்ணைக்காரர் தர்மவான் என்று நான் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவர் என்கிறேன். ஆகவே இல்லாத ஊசியைத் தேடிக் கொண்டு நாம் பல வருஷம் கழித்தோம். அந்த வருஷங்களில், உண்மையாகவே தீவனத்தில் இருந்த ஒன்றைப் பற்றிப் பெஞ்சில் யாரும் பேசவில்லை. கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைத்தான் சொல்கிறேன். நோய் வந்த கோழிக்குக் கொடுத்தால் மருந்து. நோயே இல்லாத கோழிக்கு எடை ஏறுவதற்காகத் தீவனத்தில் கலந்தால் அதற்கு வேறு பெயர். கோலிஸ்டின் என்று ஒரு மருந்து உண்டு. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ஒரு நோயாளியைப் பிடித்துக் கொண்டால், மருத்துவர் கடைசியாகக் கை வைக்கிற புட்டிகளில் அது ஒன்று. அதைக் கோழித் தீவனத்தில் கலந்து கொண்டிருந்தார்கள். கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டால் மருத்துவமனையில் அது பயன்படாது. 2019 ஜூலையில்தான் இந்திய அரசாங்கம், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று தடை செய்தது.

அந்தத் தடை வந்த வாரத்தில் பெஞ்சில் யாராவது அதைப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் பேசவில்லை. ஹார்மோன் ஊசிப் பேச்சு மட்டும் வழக்கம்போல் நடந்தது. பெயர் தெரியாத பயம் ஒன்று எல்லோரிடமும் இருந்தது. அதற்குச் சரியான பெயரைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக் கொள்ள ஆளில்லை. கோழியை நேசித்தோ குழந்தையை நேசித்தோ பேசுகிற பேச்சாக அது இருந்தால் இப்படி நடந்திருக்குமா? அந்தப் பேச்சு எங்களுக்குப் பழகிப்போன சுகமாக ஆகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. எதிரியின் முகம் தெரிந்த கதையை விட்டுவிட்டு, புதிதாக ஒரு மருந்தின் பெயரை உச்சரிக்கக் கற்றுக் கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு ஊசி இல்லாமல் கோழி எப்படி அவ்வளவு வேகமாக வளர்கிறது? நண்பரின் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் கட்டுரையை முடிப்பது முறையல்ல. விடை கனடா நாட்டிலுள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2014இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி அது. 1957ஆம் ஆண்டில் வழக்கிலிருந்த கறிக்கோழி வகை ஒன்று, 1978ஆம் ஆண்டு வகை ஒன்று, 2005ஆம் ஆண்டு வகை ஒன்று. மூன்றிலும் குஞ்சுகளை எடுத்து, ஒரே மாதிரித் தீவனத்தை ஒரே மாதிரிக் கொடுத்து வளர்த்தார்கள். ஐம்பத்தாறாம் நாள் நிறுத்துப் பார்த்தபோது 1957 வகைக் கோழி 905 கிராம். 1978 வகை 1808 கிராம். 2005 வகை 4202 கிராம். தீவனம் ஒன்று, நாட்கள் ஒன்று, ஊசி இல்லை. வேறுபட்டது பிறப்பு மட்டுந்தான். வேகமாக வளர்ந்ததைத் தேர்ந்து, அதன் குஞ்சுகளில் வேகமானதை மறுபடியும் தேர்ந்து, ஐம்பது வருஷம் பொறுக்கி எடுத்ததன் பலன் அது. நம் உழவர்கள் விதைநெல் எடுப்பதைப் போலத்தான்; ஆனால் மிகவும் கண்டிப்பாக. அதற்குக் கோழி கொடுத்த விலையும் உண்டு. மார்பு கனத்துவிட்ட அந்த உடம்பைத் தூக்க முடியாமல் கால்கள் படும் பாட்டையும் ஆராய்ச்சிக்காரர்கள்தாம் எழுதியிருக்கிறார்கள். ஊசியைத் தேடுகிறவன் கண்ணில் அந்தக் கால்கள் படுவதில்லை.

நண்பரிடம் இந்த எண்களைச் சொன்னேன். இயந்திரத்தோடு பழகியவர் அல்லவா, எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்பத்தேழாம் வருஷத்துக் கோழி ரெண்டாயிரத்துப் பதினாலுல எங்கேயிருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பழைய வகைகளைக் கலக்காமல், பெரியது சிறியது என்று பொறுக்காமல், தலைமுறை தலைமுறையாக அப்படியே அடைகாத்துப் பொரித்து வைத்திருந்தார்கள். சந்தையில் அதற்கு விலை கிடையாது. வேகமாக வளராது, முட்டையிலும் லாபம் இல்லை. தீவனம் மட்டும் தின்னும். இப்படி ஒரு நாள் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்பார், அப்போது பக்கத்தில் நிறுத்திக் காட்ட ஒரு பழைய கோழி வேண்டும் என்பதற்காக, 1957இலிருந்து அந்தக் கூண்டுகளுக்கு ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தண்ணீர் வைத்துக் கொண்டிருந்தார்கள்.